மரத்துக்குள் இறங்கும் எண்ணெய்: வாசகர் கேள்வி – பதில்

மரச்சாமான்களுக்கு எண்ணெய் பூசிப் பராமரிப்பது குறித்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பாலீஷும் வார்னிஷும் மரத்தின் மேல் ஒரு படலமாக அமர்கின்றன. எண்ணெய்ப் பூச்சு மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி, அங்கேயே இறுகுகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், கீழே சொல்லப்படும் முறைகள் ஏன் அவ்வாறு அமைந்துள்ளன என்பது எளிதில் விளங்கும்.

கேள்வி: எங்கள் அப்பத்தா காலத்துத் தேக்கு ஊஞ்சல் பலகைக்கு ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன்பு தேங்காய் எண்ணெய் தடவுவது வழக்கம். பூசியவுடன் பளபளவென்று இருக்கிறது. ஆனால் ஒரு மாதத்துக்குள் தூசி ஒட்டிப் பிசுபிசுப்பாகி, ஒருவித முடை நாற்றமும் வருகிறது. எண்ணெயின் தரம்தான் காரணமா? செக்கு எண்ணெயாக வாங்கித் தடவலாமா?
– வாசகி ஒருவர், காரைக்குடி

பதில்: எண்ணெயின் தரத்தில் குறை இல்லை, தேங்காய் எண்ணெய் இந்த வேலைக்கு உரியதன்று. செக்கு எண்ணெய்க்கு மாறினாலும் இதே நிலைதான் ஏற்படும்.

தாவர எண்ணெய்களில் சில காற்றுப் பட்டால் இறுகும். சில எத்தனை ஆண்டுகள் ஆனாலும் எண்ணெயாகவே இருக்கும். ஆளி விதை எண்ணெய், சீனாவிலிருந்து வரும் துங் எண்ணெய், அக்ரூட் எண்ணெய் ஆகியவை முதல் வகை. இவற்றிலுள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு ஒன்றோடொன்று பிணைந்து, கரையாத, உருகாத திடப்பொருளாக மாறுகின்றன. நாம் 'காய்வது' என்று சொன்னாலும், ஈரத்துணி காய்வதைப் போல இதில் எதுவும் ஆவியாகிப் போவதில்லை. ஆக்சிஜனை ஏற்றுக்கொள்வதால் எண்ணெயின் எடை சற்றுக் கூடவே செய்கிறது. எந்த எண்ணெய் இப்படி இறுகும் என்பதை அளக்க வேதியியலாளர்கள் அயோடின் எண் என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். அது ஏறத்தாழ 130-க்கு மேல் இருந்தால்தான் உலரும் எண்ணெய் என்று கொள்வார்கள். ஆளி விதை எண்ணெய்க்கு அது 170-க்கும் மேல்; நல்லெண்ணெய்க்கு ஏறத்தாழ 110; கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ 90; தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 10-க்குள். ஆகவே தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் மரத்தில் என்றும் ஈரமாகவே இருந்து, தூசியைப் பிடித்து, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். நல்லெண்ணெய் இரண்டுக்கும் நடுவில் நின்று, முழுவதும் இறுகாமல் பிசினைப்போலத் தங்கிவிடும்.

உங்கள் பலகையை மீட்டுவிடலாம். சிறிது பொறுமை வேண்டும். பெயின்ட் கடையில் கிடைக்கும் கரைப்பானாகிய மினரல் டர்பன்டைனில் நனைத்த பனியன் துணியால், துணியில் பழுப்பு நிறம் ஏறுவது நிற்கும்வரை, துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். ஆழத்தில் ஊறிய எண்ணெயை இழுக்க, முல்தானி மட்டியை டர்பன்டைனில் குழைத்துப் பலகையின் மேல் தடித்த பற்றாகப் போட்டு, காய்ந்த பிறகு சுரண்டி எடுப்பது நல்ல வழி. பற்று எண்ணெயில் நனைந்து கறுத்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தேவைப்பட்டால் இரண்டு மூன்று முறை செய்யுங்கள். பிறகு சோப்புக் கரைசலில் துடைத்து, நிழலில் ஒரு வாரம் உலரவிட்டு, உப்புத்தாள் போட்டு, ஆளி விதை எண்ணெய் பூசுங்கள். பல்லாண்டுகளாக ஊறிய தேங்காய் எண்ணெய் முழுவதும் வெளியேறிவிடாது. அதனால் முதல் பூச்சு இறுக வழக்கத்தைவிட அதிக நாட்கள் ஆகும். அதற்குள் அடுத்த பூச்சைப் போட்டுவிடாதீர்கள். ஊஞ்சல் பலகையில் உட்காருபவர்களின் வேட்டியும் புடவையும் படும் என்பதால், கடைசிப் பூச்சுக்குப் பிறகு மூன்று வாரமாவது பலகையைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பது நல்லது.

கேள்வி: பெயின்ட் கடையில் ரா லின்சீட் ஆயில், டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று இரண்டைக் காட்டுகிறார்கள். மேசை, நாற்காலிகளுக்கு எது? என் மகனின் கிரிக்கெட் மட்டைக்கும் அதையே பூசலாமா?
– வாசகர் ஒருவர், திருச்சிராப்பள்ளி

பதில்: இரண்டும் ஆளி விதையிலிருந்து பிழிந்தவையே. ரா என்பது வேறெதுவும் சேராத எண்ணெய். ஒரு பூச்சு இறுகப் பல நாட்கள், மழைக்காலத்தில் சில வாரங்கள்கூட ஆகும். டபுள் பாயில்டு என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் உலர்வதை விரைவுபடுத்தும் உலோக உப்புகள் சேர்க்கப்பட்டிருக்கும். முற்காலத்தில் இதற்கு ஈய உப்புகளைச் சேர்த்தார்கள். இப்போது கோபால்ட், மாங்கனீசு உப்புகள் வழக்கத்தில் உள்ளன. இது நல்ல வெயில் காலத்தில் ஒரு நாளில் கைக்கு ஒட்டாத பதத்துக்கு வந்துவிடும். வீட்டு மேசை, நாற்காலி, அலமாரிகளுக்கு இதுவே போதுமானது. வாங்கும்போது டப்பாவின் மீது எழுதியுள்ளதைப் படியுங்கள். பெயர் இல்லாத கேனிலிருந்து ஊற்றித் தரப்படும் எண்ணெயில் வேறு எண்ணெய் கலந்திருந்தால், எத்தனை வாரம் காத்திருந்தாலும் அது இறுகாது.

கிரிக்கெட் மட்டைக்கு மட்டும் ரா எண்ணெயே உரியது. வில்லோ மரம் பந்தின் அடியைத் தாங்கி வளைந்து கொடுக்க வேண்டும். மெதுவாக இறுகும் எண்ணெய் அதன் ஈரப்பதத்தைக் காத்து, நார்கள் வெடிப்பதைக் குறைக்கிறது. மிகவும் மெல்லிய பூச்சாக இரண்டு முறை பூசி, மட்டையைப் படுக்கைவாக்கில் வைத்து உலர விடுங்கள். கைப்பிடி மட்டைக்குள் செருகப்பட்டிருக்கும் பகுதியில் எண்ணெய் படக்கூடாது. அங்குள்ள பசை தளர்ந்துவிடும்.

கேள்வி: கடையில் விற்கும் 'தேக்கு எண்ணெய்' தேக்கு மரத்திலிருந்து எடுக்கப்படுவதா?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: இல்லை. தேக்குக்குப் பூசுவதற்கு என்ற பொருளில் வைக்கப்பட்ட வணிகப் பெயர் அது. பெரும்பாலும் ஆளி விதை அல்லது துங் எண்ணெயுடன் சிறிது வார்னிஷும் நிறையக் கரைப்பானும் கலந்த கலவையாக இருக்கும். டேனிஷ் ஆயில் என்று விற்கப்படுவதும் ஏறத்தாழ இதே கலவைதான். இவை கெட்டவை அல்ல. வார்னிஷ் சேர்ந்திருப்பதால் தூய எண்ணெயைவிடத் தண்ணீரை நன்றாகத் தாங்கும், விரைவாகவும் இறுகும்.

கேள்வி: புதிதாகத் தேக்கில் சாப்பாட்டு மேசை செய்திருக்கிறோம். ஆசாரி இழைத்து முடித்துவிட்டார். மெலமைன் பாலீஷ் வேண்டாம், எண்ணெய் மட்டும் பூசி மரத்தின் நிறத்தையும் ரேகையையும் அப்படியே பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். தொடக்கத்திலிருந்து முறையைச் சொல்ல முடியுமா?
– வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: நல்ல முடிவு. நாள்தோறும் கைபடும் மேசைக்கு எண்ணெய்ப் பூச்சைப் போன்ற இதமான பரப்பு வேறில்லை. பின்னால் கீறல் விழுந்தாலும், மேசை முழுவதையும் சுரண்டாமல் அந்த இடத்தை மட்டும் சரி செய்துவிடலாம்.

வேலையின் பெரும்பகுதி எண்ணெயைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இழைப்புளி ஓடிய தடங்கள் இருந்தால், 100 அல்லது 120 எண் உப்புத்தாளில் தொடங்கி, 150, 180, 220 என்று படிப்படியாக, எப்போதும் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். நடுவில் ஒரு எண்ணைத் தாண்டிவிட்டால் முந்தைய தாள் விட்ட கீறல்கள் அப்படியே நிற்கும். எண்ணெய் பட்டதும் அவை கறுத்த கோடுகளாக எழுந்து வரும். வெறும் மரத்தில் கண்ணுக்குத் தெரியாத குறைகளையெல்லாம் எண்ணெய் வெளிக்காட்டிவிடும் என்பதால், மேசைக்கு ஒரு பக்கமாக விளக்கைத் தாழ்வாக வைத்து, சாய்ந்து விழும் வெளிச்சத்தில் பரப்பைப் பாருங்கள். 220-க்கு மேல் வெறும் மரத்தை மேலும் மேலும் வழவழப்பாக்கினால் எண்ணெய் இறங்குவது குறையும். பலகையின் குறுக்குவெட்டு முனைகளுக்கு மட்டும் இதற்கு விலக்கு உண்டு. அங்கே நார்களின் வாய் திறந்திருப்பதால் எண்ணெயை அதிகம் குடித்து மற்ற இடங்களைவிடக் கறுத்துவிடும். அவற்றை 320 எண் வரை தேய்த்தால் நிறம் ஓரளவு ஒத்துப்போகும்.

220 எண் தாள் போட்ட பிறகு ஈரத்துணியால் மேசை முழுவதையும் ஒரு முறை துடைத்துக் காய விடுங்கள். சிறு நார்கள் சிலிர்த்து எழும். அவற்றை அதே 220 எண் தாளால் இலேசாக வருடி நீக்கிவிட்டால், பின்னால் யாராவது தண்ணீரைக் கொட்டும்போது மேசை சொரசொரப்பாகாது. ஆசாரி இணைப்புகளில் பசை பிதுங்க விட்டிருக்கிறாரா என்பதும் இந்த ஈரத்திலேயே தெரிந்துவிடும். பசை பட்ட இடத்தில் எண்ணெய் இறங்காது, வெளிறிய திட்டாக நிற்கும் என்பதால், அதை உளியால் மெல்லச் சீவி எடுங்கள்.

தேக்குக்கென்று ஒரு தனிக் கவனம் தேவை. கறையானையும் ஈரத்தையும் தேக்கு தாங்குவதற்குக் காரணமான அதன் இயல்பான எண்ணெய்ப்பசை, நாம் பூசும் எண்ணெய் இறுகுவதைத் தாமதப்படுத்தும்; ஈட்டி மரத்திலும் இதே சிக்கல் உண்டு. பூசுவதற்குச் சற்று முன்பு தின்னரிலோ அசிட்டோனிலோ நனைத்த வெள்ளைத் துணியால் மேற்பரப்பைத் துடைத்து, அது ஆவியானவுடன் பூசத் தொடங்கிவிடுங்கள். மறுநாள்வரை விட்டுவைத்தால் உள்ளிருக்கும் எண்ணெய்ப்பசை மீண்டும் மேலே வந்துவிடும். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். அருகில் அடுப்பு எரியக்கூடாது.

முதல் பூச்சுக்கு எண்ணெயும் மினரல் டர்பன்டைனும் சம அளவில் கலந்துகொள்ளுங்கள். துணியால் தாராளமாகத் தேய்த்து, மரம் குடித்து வறண்ட இடங்களில் மீண்டும் ஊற்றி, கால் மணி நேரம் முதல் இருபது நிமிடம்வரை ஊறவிடுங்கள். பின்பு, இந்த வேலை முழுவதிலும் மிக முக்கியமான செயலாகிய துடைத்தலைச் செய்ய வேண்டும். மேலே எஞ்சியிருக்கும் எண்ணெய் முழுவதையும், ஒரு துளிகூட விடாமல், உலர்ந்த துணிகளை மாற்றி மாற்றித் துடைத்து எடுத்துவிடுங்கள். துடைத்த பிறகு உள்ளங்கையால் தடவினால் கையில் எண்ணெய் படியக்கூடாது. இவ்வளவு பூசிவிட்டு இவ்வளவையும் துடைப்பதா என்று பலர் தயங்கி, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். மரத்துக்கு வேண்டியது அதற்குள் உள்ளே போய்விட்டது. மேலே நிற்பது ஒருபோதும் சரியாக இறுகாமல் பிசினாகிவிடும். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் வந்து பாருங்கள். தேக்கின் பெரிய துளைகளிலிருந்து சிறு சிறு புள்ளிகளாக எண்ணெய் வெளியே கசிந்திருக்கும். அதையும் துடையுங்கள்.

குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாட்கள் இடைவெளி விட்டு, இரண்டாம் பூச்சை இரண்டு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு டர்பன்டைன் என்ற அளவிலும், மூன்றாம் பூச்சைக் கலப்பில்லாமல் மிக மெல்லியதாகவும் பூசுங்கள். மூன்றாம் பூச்சின்போது மேசையில் எண்ணெய் ஈரமாக இருக்கையிலேயே 400 எண் நீர்த்தாளால் ரேகை வாக்கில் தேய்த்தால், மரத்தூளும் எண்ணெயும் குழைந்து நுண்துளைகளை நிரப்பும். துடைத்த பிறகு பரப்பு பட்டுப்போல இருக்கும். இதற்கு நேரம் பிடிக்கும். ஆனாலும் சாப்பாட்டு மேசைக்கு இதைச் செய்தே தீர வேண்டும் என்பது என் கருத்து.

மேசையின் அடிப்பக்கத்துக்கும் பூச மறக்காதீர்கள். மேல்முகத்துக்கு மட்டும் பூசினால் இரு பக்கமும் காற்றின் ஈரத்தை வெவ்வேறு வேகத்தில் ஏற்று, பலகை நெளிய வாய்ப்பு உண்டு. கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு மாத காலம் சூடான பாத்திரமும் ஈரத் துணியும் நேரே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைக்கு ஒட்டாத நிலை சில நாட்களில் வந்துவிட்டாலும், உள்ளே இறுகி முடிய அவ்வளவு காலம் ஆகும்.

கேள்வி: ஐப்பசி மாதத்தில் புத்தக அலமாரிக்கு டபுள் பாயில்டு எண்ணெய் பூசினேன். மூன்று வாரம் ஆகியும் ஒட்டுகிறது. புத்தகங்களை வைக்க முடியவில்லை. என்ன செய்வது?
– வாசகர் ஒருவர், சென்னை

பதில்: எண்ணெயைத் துடைக்காமல் விட்டது ஒரு காரணம், பருவம் மற்றொரு காரணம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையின் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும். அந்தக் காற்றில் எண்ணெய் இறுகும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். இன்னும் காத்திருப்பதால் பயன் அதிகம் இல்லை. டர்பன்டைனில் நனைத்த சொரசொரப்பான நைலான் நார்த்துண்டால் ஒட்டும் படலத்தைக் கரைத்துத் தேய்த்து, உடனுக்குடன் உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். மூன்று வாரம் ஆகிவிட்டதால் சில இடங்களில் டர்பன்டைனுக்கு மசியாது. அங்கே புதிய எண்ணெயைச் சிறிது தடவிச் சில நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்தால் பழையது இளகி வரும். அதன் பிறகு மின்விசிறியை ஓடவிட்டு அறையில் காற்று நடமாடும்படி வைத்திருங்கள். இனி எண்ணெய் பூசும் வேலையைத் தை முதல் பங்குனி வரையிலான நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய அலமாரியின் உட்பக்கத்துக்கும் இழுப்பறைகளின் உள்ளேயும் ஆளி விதை எண்ணெய் பூசுவதை நான் பரிந்துரைப்பதில்லை. காற்றோட்டம் இல்லாத இடத்தில் அதன் வாடை மாதக்கணக்கில் தங்கி, துணிகளிலும் புத்தகங்களிலும் ஏறும்.

கேள்வி: எண்ணெய் துடைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும் என்று என் மைத்துனர் எச்சரிக்கிறார். தீக்குச்சி கிழிக்காமல் துணி எப்படி எரியும்? இது உண்மையா?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது முற்றிலும் உண்மை. இந்தப் பகுதியில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலை மட்டும் வீட்டில் அனைவரும் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உலரும் எண்ணெய் ஆக்சிஜனை ஏற்கும்போது வெப்பம் வெளிப்படுகிறது. மேசைப் பரப்பில் அந்த வெப்பம் காற்றில் கலந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. துணியிலோ எண்ணெய் ஆயிரக்கணக்கான இழைகளின் மேல் மெல்லியதாகப் பரவியிருக்கிறது. காற்றுப் படும் பரப்பு மிக அதிகம். அந்தத் துணியைக் கசக்கி மூலையில் போட்டாலோ, பல துணிகளைக் குவித்துப் பையில் அடைத்தாலோ, உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. வெப்பம் கூடக்கூட ஆக்சிஜனை ஏற்கும் வேகமும் கூடுகிறது. அதனால் மேலும் வெப்பம் உண்டாகிறது. சில மணி நேரத்தில் துணி புகையத் தொடங்கி, பின்பு பற்றிக்கொள்கிறது. வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, பெரும்பாலும் இரவில், இது நிகழ்வதால்தான் இவ்வளவு ஆபத்தாக இருக்கிறது. உலர்த்தி சேர்ந்த டபுள் பாயில்டு எண்ணெயில் இந்த அபாயம் ரா எண்ணெயைவிட அதிகம்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1991-ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் ஏற்பட்ட தீ இப்படித்தான் தொடங்கியது. 22-ஆவது மாடியில் மரப் பலகைச் சுவர்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்த பணியாளர்கள் விட்டுச்சென்ற ஆளி விதை எண்ணெய்த் துணிகளிலிருந்து எழுந்த தீ, மாடி மாடியாக மேலேறி, தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருந்த 30-ஆவது மாடியில்தான் நின்றது. தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தார்கள். அந்தக் கட்டடம் மீண்டும் பயன்பாட்டுக்கு வராமலேயே பின்னர் இடிக்கப்பட்டது.

இதைத் தடுக்க நீங்கள் செய்ய வேண்டியது மிகச் சிறிய வேலை. எண்ணெய்த் துணிகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல், மடிப்பில்லாமல் விரித்து, வெளியே கொடியில் தனித்தனியாகப் போடுங்கள். எண்ணெய் முழுவதும் இறுகித் துணி அட்டைபோல விறைப்பான பிறகு குப்பையில் சேர்க்கலாம். கொடி கட்ட இடமில்லாத அடுக்ககத்தில் இருப்பவர்கள், மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் நிரப்பி, துணிகளை அதில் முழுக அமிழ்த்தி மூடிவிட வேண்டும். எண்ணெயோடு தேய்த்த உப்புத்தாளின் ஈரத் தூளுக்கும் இதே விதி பொருந்தும். வேலைக்கு ஆள் வைத்துப் பூசுகிறீர்கள் என்றால், மாலையில் அவர்கள் கிளம்பும் முன்பு துணிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டு, நீங்களே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே பாலீஷ் போட்ட நாற்காலிகள் மங்கிவிட்டன. மேலே எண்ணெய் பூசினால் புதுப்பொலிவு வருமா?
– வாசகி ஒருவர், சேலம்

பதில்: படலம் முழுமையாக இருக்கும்வரை எண்ணெய் உள்ளே போக வழியில்லை, மேலேயே நின்று பிசுபிசுக்கும். முதலில் என்ன பூசியிருக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். நாற்காலியின் அடியில் மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வையுங்கள்; இளகி ஒட்டினால் அது அரக்குப் பாலீஷ். இளகவில்லை என்றால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரால் சோதியுங்கள், அதில் இளகினால் என்.சி. லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பெரும்பாலும் மெலமைன் அல்லது பி.யு. (பாலியூரிதேன்) படலமாக இருக்கும். முதல் இரண்டையும் அந்தந்தக் கரைப்பானாலேயே துடைத்து நீக்கி, வெறும் மரத்துக்கு வந்த பிறகு எண்ணெய் பூசலாம். மெலமைனையும் பி.யு.வையும் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கடைசல் வேலைப்பாடும் பிரம்புப் பின்னலும் உள்ள நாற்காலிகளில் அது பெரும்பாடு. அவற்றுக்கு அதே வகைப் படலத்தை மீண்டும் ஏற்றுவதே பொருத்தம்.

கேள்வி: காய் நறுக்கும் பலகை, சப்பாத்திப் பலகை, மரக்கரண்டி, குழந்தையின் நடைவண்டி ஆகியவற்றுக்கு எந்த எண்ணெய் பூசலாம்? குழந்தை எதையும் வாயில் வைக்கும் வயதில் இருக்கிறாள்.
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: உணவு படும் பலகைகளுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் எளிய தேர்வு. அது இறுகாது, ஆயினும் சமையல் எண்ணெயைப்போலச் சிக்கு வாடையும் அடிக்காது. பலகையை நன்கு உலர்த்தி, தாராளமாகத் தடவி, ஓர் இரவு ஊறவிட்டுத் துடையுங்கள். கழுவக் கழுவப் போய்விடுவதால் மாதம் ஒரு முறை மீண்டும் தடவ வேண்டும். நான்கு பங்கு லிக்விட் பாரஃபினில் ஒரு பங்கு தேன்மெழுகைச் சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு கிண்ணத்தை வைத்து உருக்கிக்கொண்டால் இன்னும் சில நாட்கள் கூடுதலாக நிற்கும். நேரடித் தீயில் வைத்து உருக்காதீர்கள்.

நடைவண்டிக்கு இறுகும் எண்ணெயே நல்லது. உலோக உலர்த்தி கலந்த டபுள் பாயில்டு எண்ணெயைத் தவிர்த்து, உண்பதற்காக விற்கப்படும் செக்கு ஆளி விதை எண்ணெயையே மிக மெல்லிய பூச்சுகளாகப் பூசி, ஒவ்வொன்றும் இறுகும்வரை காத்திருங்கள். ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அக்ரூட் எண்ணெயும் ஏற்றதே. கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ள குழந்தைகள் புழங்கும் வீட்டில் மட்டும் அதை விலக்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஓட்டு வீட்டுக் கைமரங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள். பூச்சி அண்டாது என்கிறார்கள். கட்டிலுக்கும் அதைப் பூசலாமா?
– வாசகர் ஒருவர், பண்ருட்டி

பதில்: கட்டிலுக்கு வேண்டாம். முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கப்படும் அந்த எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் எழுப்பும், மரத்தையும் கறுப்பாக்கிவிடும். எட்டாத உயரத்திலுள்ள கைமரங்களுக்கும் படகுகளுக்கும் அது பயன்பட்டு வந்ததில் நியாயம் உண்டு. உடல் படும் சாமானுக்கு அது பொருந்தாது. ஆளி விதை எண்ணெய் கறையானைத் தடுக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது, அது தடுக்காது. வெள்ளை மரம் கலந்த கட்டிலாக இருந்தால், பூச்சி மருந்து ஏற்றி உலர்ந்த பிறகுதான் எண்ணெய் பூச வேண்டும்.

கேள்வி: எண்ணெய் பூசிய கருவேல மர மேசையில், ஈர இரும்புச் சட்டி வைத்த இடத்தில் கறுப்பு வளையம் விழுந்துவிட்டது. துடைத்தும் தேய்த்தும் போகவில்லை.
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: அது அழுக்கு அன்று. கருவேல மரத்தில் துவர்ப்புச் சத்தாகிய டானின் மிகுதி. அது ஈரத்தில் இரும்போடு சேர்ந்து கருமையான சேர்மமாகிவிட்டது. அந்த இடத்தில் எண்ணெயைத் தேய்த்து நீக்கிவிட்டு, வெந்நீரில் கரைத்த ஆக்சாலிக் அமிலத்தைத் தூரிகையால் தடவுங்கள்; வளையம் கண்ணெதிரே வெளுக்கும். நிறம் திட்டாகத் தெரியாமலிருக்க, அந்தப் பலகை முழுவதற்கும் ஒரே சீராகத் தடவுவது நல்லது. பிறகு நீரால் பலமுறை துடைத்து, ஆப்பச் சோடா கரைத்த நீரால் ஒரு முறை துடைத்து, நன்கு உலர்ந்தபின் எண்ணெய் பூசுங்கள். ஆக்சாலிக் அமிலம் நஞ்சு. கையுறை அணியுங்கள், காய்ந்த தூளை மூச்சில் இழுக்காதீர்கள், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இதே காரணத்தால் கருவேலத்திலும் ஓக்கிலும் மெருகேற்ற இரும்புக் கம்பித்தூவலைப் (ஸ்டீல் வுல்) பயன்படுத்தக்கூடாது. அதன் துகள்கள் மரத்தில் தங்கி, முதல் ஈரத்திலேயே கறுப்புப் புள்ளிகளாகிவிடும்.

கேள்வி: மேற்கு பார்த்த தேக்கு வாசற்கதவுக்கு எண்ணெய் பூசலாமா? வார்னிஷ் இரண்டு ஆண்டுகளில் உரிந்துவிடுகிறது.
– வாசகர் ஒருவர், வேலூர்

பதில்: பூசலாம், ஆனால் பராமரிப்பு அடிக்கடி தேவைப்படும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மரத்தின் மேற்பரப்பையே சிதைப்பதால்தான் அதன் மேல் ஒட்டியிருக்கும் வார்னிஷ் பிடிப்பிழந்து உரிகிறது. எண்ணெய்ப் பூச்சில் உரிந்துபோகப் படலம் எதுவும் இல்லை. மங்கி வெளிறத்தான் செய்யும். மாலை வெயில் நேரே விழும் கதவுக்கு ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை, சோப்பு நீரால் கழுவி உலர்த்தி, ஒரு மெல்லிய பூச்சு போதும். ஒரு மணி நேர வேலை. தூய ஆளி விதை எண்ணெய் மழைக்காலத்தில் பூஞ்சைக்கு உணவாகிக் கரும்புள்ளிகளைத் தரும் என்பதால், வெளிக்கதவுக்குத் துங் எண்ணெயையோ, வார்னிஷும் பூஞ்சைத் தடுப்பும் கலந்த வெளிப்புற எண்ணெய்க் கலவையையோ தேர்ந்தெடுங்கள். சிறிது நிறமி கலந்திருந்தால் அது கதிர்களை ஓரளவு தடுத்து, பூச்சின் ஆயுளை நீட்டும்.

கதவின் அடி விளிம்பைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. வாசல் தெளிக்கும் நீரும் சாரலும் அந்தக் குறுக்குவெட்டு முகத்தின் வழியாகத்தான் கதவின் செங்குத்துச் சட்டங்களுக்குள் ஏறுகின்றன. கதவு மாட்டியிருக்கும்போது அங்கே துணி நுழையாது. கதவை எப்போதாவது கீலிலிருந்து கழற்ற நேர்ந்தால், மீண்டும் மாட்டும் முன்பு அந்த விளிம்பு எண்ணெய் குடிப்பதை நிறுத்தும்வரை பூசித் தரும்படி ஆசாரியிடம் சொல்லிவையுங்கள்.